வெட்டிய குரல்களைக் கேட்டவள்

அந்த வானொலி நிலையத்தில் அவளை எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிட்டார்கள். கோபித்துக்கொள்வாளோ என்று முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவள் சட்டை செய்யவில்லை என்று தெரிந்ததும் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சம்பள நாளில் கணக்குப் பிரிவுக்காரர்கூட, "கத்தரி, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்பார். அவளும் போய்ப் போட்டுவிட்டு வருவாள்.

கைபேசி எல்லார் கைக்கும் வந்து சேராத காலம் அது. மாலையானால் அந்த நிலையத்தில் ஒரு பாட்டு நிகழ்ச்சி. நேயர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். அறிவிப்பாளர் நாலு வார்த்தை சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு அவர்கள் கேட்ட சினிமாப் பாட்டைப் போடுவார். எல்லோருக்கும் அவர் "அண்ணன்". எழுபது வயதுக் கிழவரும் அவரை "அண்ணே" என்றுதான் அழைத்தார். 'நேரலை, நேரலை' என்று நிமிஷத்துக்கு ஒருமுறை சொல்வார்கள். அது முழுப் பொய். பேசுகிற குரலை ஒரு கருவி ஏழு விநாடி பிடித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் காற்றில் விடும். அந்த ஏழு விநாடிக்குக் காவல் கத்தரி. அவள் மேஜையில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் பிடித்து வைத்த பேச்சு அத்தனையும் காணாமல் போகும். அதற்குப் பதிலாக ஒரு சின்ன மணியோசை ஒலிக்கும். அதே நொடியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளரின் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் அவர் அந்த அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அதுதான் நடைமுறை.

எதற்கெல்லாம் அழுத்துவது? கெட்ட வார்த்தைக்கு, சரி. ஒருவர் இன்னொருவரின் பிறப்பை இழிவாகப் பேசினால், ரொம்பச் சரி. அதற்கு இரண்டு முறை அழுத்தலாம். ஆனால் அவள் விரல் பெரும்பாலும் அழுத்தியது இவற்றுக்கு அல்ல. நேயர் ஒரு பாட்டைக் குறிப்பிட்ட ஒரு ஆளுக்காகக் கேட்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஏதோ ஒரு வருஷம் ஏதோ கலவரம். சதிகாரர்கள் பாட்டு வழியாகச் சேதி அனுப்பலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ ஒரு ஞானோதயம். 'என் நண்பனுக்காக இந்தப் பாட்டு' என்றால் 'பாலத்தைத் தகர்த்துவிடு' என்று அர்த்தமாக இருக்கலாமாம். அப்படி ஒரு பாட்டால் ஒரு பாலமாவது தகர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கலவரம் ஓய்ந்தது. ஞானோதயம் வந்தவர் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளோடு விளையாடப் போய்விட்டார். அவர் பெற்றுப்போட்ட சுற்றறிக்கை மட்டும் சாகாமல் சுவரில் தொங்கியது. பாட்டு இனி 'எல்லா நேயர்களுக்காகவும்' மட்டுமே.

மக்கள் விடுவார்களா? "எல்லா நேயர்களுக்காகவும்தான் அண்ணே... முக்கியமா பஸ் டிப்போ பின்வாசல்ல நீலச் சட்டை போட்டு நிக்கற நேயருக்காக" என்பாள் ஒருத்தி. கத்தரி அழுத்துவாள். "எல்லா நேயர்களுக்காகவும், கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கற ஒரு நேயரும் அதுல அடக்கம்" என்பான் ஒரு சைக்கிள் பழுதுபார்ப்பவன். அழுத்துவாள். அந்த மணியோசை ஊருக்கே தெரிந்துபோனது. பேச்சில் யாராவது ஏடாகூடமாக எதையாவது சொன்னால், பக்கத்தில் இருப்பவர் வாயாலேயே "டிங்" என்று மணியடித்துக் கேலி செய்வார்.

ஆனால் ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பொத்தானை அழுத்திய பிறகும், அறிவிப்பாளர் அழைப்பைத் துண்டிக்கும் வரை, அந்தக் குரல் கத்தரியின் காதில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தான் வெட்டுப்பட்டது தெரியாமல் அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். "திரும்பி வந்துரு, இனிமே குடிக்க மாட்டேன்." "பரிட்சைல தோத்தா என்னடா, வீட்டுக்கு வா, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்." ஒரு வாய் பேச லட்சம் காது கேட்பதற்குப் பெயர் வானொலி என்றால், அவள் பார்த்தது அதன் மறுபுறம். லட்சம் வாய் பேச, கேட்டது அவள் காது ஒன்றுதான். யாருக்குப் போய்ச் சேர வேண்டியதோ அவர்களுக்குச் சேராத ஏக்கம் எல்லாம் அவளிடம் வந்து தங்கியது.

வீட்டுக்குப் போனால் அம்மா தயாராக இருப்பாள்.

"இன்னைக்கு எத்தனை பேர் வாயப் பொத்துன?"

"வேலையைத்தானேம்மா செய்றேன்."

"நல்ல வேலை. சோறு போட்டு வெச்சிருக்கேன், சாப்பிடு."

அம்மா அந்த நிகழ்ச்சியை ஒரு நாளும் விட்டதில்லை. பாட்டுக்காகக் கேட்கிறேன் என்பாள். பாட்டு ஓடும்போது பாத்திரம் தேய்ப்பாள், துணி மடிப்பாள், ஏன், தூங்கக்கூடச் செய்வாள். அழைப்பு வரும்போதுதான் வானொலிப் பெட்டியின் பக்கத்தில் வந்து நிற்பாள். ஆண் குரல் என்றால் ஒலியைக் குறைப்பாள். பெண் குரல் என்றால் கூட்டுவாள்; நாலு வார்த்தை கேட்டுவிட்டு மறுபடி குறைத்துவிட்டு நகர்ந்து போவாள். கத்தரி தன் விடுமுறை நாட்களில் இதைப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? அம்மா சின்னவளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சின்னவள், கத்தரியின் தங்கை. அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவன் குடிகாரன் இல்லை, திருடன் இல்லை, சோம்பேறி இல்லை. அவன் பிறந்த வீடு சரியில்லை என்பது மட்டும்தான் குற்றச்சாட்டு. அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "அவ பேச்சு இந்த வீட்ல காதுல விழக் கூடாது" என்று ஒரே வரியில் சொன்னார். அவரும் ஒரு சுற்றறிக்கைதான் போட்டார். அவருக்கு மட்டும் அச்சடித்த தாள் தேவைப்படவில்லை. தொலைபேசி இணைப்பை எடுத்துவிட்டார். சொந்தக்காரர்களிடமும் சொல்லிவைத்தார். அவர்களுக்குக் கசக்குமா? கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி, அவள் குரலைக் கேட்டதுமே போனை வைத்தார்கள்.

பிறகு அப்பா இறந்துபோனார். அம்மாவும் பெரியவளும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார்கள். சின்னவளைத் தேடாமல் இல்லை. அந்த அச்சகம் மூடிக் கிடந்தது. புருஷன் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனான் என்றார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. அவளுக்கும் இவர்கள் வீடு தெரியாது, அப்பா போனது தெரியாது, அக்கா இந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் தெரியாது. அம்மா இந்த நிகழ்ச்சியை விடாமல் கேட்பாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள்.

அன்றைக்கு நல்ல மழை. தொலைபேசிக் கம்பி இரைந்தது. நாலாவதோ ஐந்தாவதோ அழைப்பு.

"ஹலோ."

"வணக்கம், வணக்கம். யாரும்மா பேசறது?"

"பேரு வேண்டாம் அண்ணே. ரொம்ப தூரத்துலேருந்து பேசறேன்."

"பேரில்லாத நேயரா? சரி, ரகசிய நேயர்னு வெச்சுக்குவோம். உங்க ஊர்ல மழையா?"

"மழைதான் அண்ணே. பூத்துக்குள்ள நிக்கறேன். வெளியில அஞ்சாறு பேரு என்னை முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க."

"அப்ப சீக்கிரம் சொல்லுங்க, உதை வாங்கிடப் போறீங்க. என்ன பாட்டு?"

"எதுன்னாலும் போடுங்க. எங்கம்மா கேட்டுக்கிட்டு இருப்பாங்க. அம்மா..."

கத்தரியின் விரல் இறங்கியது. அதில் யோசனை ஒன்றும் இல்லை. கண்ணில் தூசி விழ வந்தால் இமை மூடுவதைப்போல, 'எங்கம்மா' என்ற சொல்லுக்கு அந்த விரல் தானாக இறங்கும். அவள் அடுத்த அழைப்புக்காக நிமிர்ந்து உட்கார்ந்தாள். காதில் அந்தக் குரல் தொடர்ந்தது.

"அம்மா, சின்னது பேசறேன். எனக்குப் பொண்ணு பொறந்து நடக்க ஆரம்பிச்சிருச்சு. போட்ட லெட்டர் திரும்பி வந்துருச்சு, நீங்க வீடு மாறிட்டீங்களாம், எங்கன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நாங்க இருக்கறது..."

அத்தோடு நின்றது. அறிவிப்பாளர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

கத்தரி கண்ணாடியைக் கையால் ஓங்கி அடித்தாள். கண்ணாடி அதிர்ந்ததில் அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். என்ன என்று சைகையில் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அந்தக் கண்ணாடி வழியாகப் பேச்சு போகாது. பாட்டைப் போட்டுவிட்டு அவர் எழுந்து வந்தார்.

"அந்த லைன், அண்ணே. அந்தப் பொண்ணு."

"விட்டுட்டேனே. நீதானே விளக்குப் போட்ட?"

"எங்கேருந்து பேசினா? நம்பர் தெரியுமா?"

"பூத்துலேருந்துன்னு அவங்களே சொன்னாங்க. நம்பர் எல்லாம் நமக்கு எங்க தெரியுது? யாரு, தெரிஞ்சவங்களா?"

அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். காதுப்பேசியை மறுபடி மாட்டிக்கொண்டாள். மீதி நேரம் முழுக்க, ஒவ்வொரு ஹலோவுக்கும் அவள் காதுப்பேசியைக் கையால் அழுத்திக் கேட்டாள். அந்த ஹலோ திரும்பி வரவில்லை. எப்படி வரும்? பூத்துக்காரரின் வானொலியில் தன் குரல் வர வேண்டிய இடத்தில் மணியோசை கேட்டிருப்பாள். ஊரே கேலி செய்யும் அந்த மணி எதற்கு அடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

வீட்டில் வானொலிப் பெட்டி அணைந்திருந்தது. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பேரு வேண்டாம்னு ஒருத்தி சொன்னாளே" என்றாள். அதுவரை பேசியது ஒலிபரப்பாகிவிட்டிருந்தது. "ஹலோன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உனக்குத் தெரியல?"

"தெரியலம்மா."

"கூடப் பொறந்தவதானே?"

"லைன் இரைஞ்சுதும்மா. குரலும் கொஞ்சம் தடிச்சுப்போச்சு."

அம்மா சுவரிலிருந்து அவள் பக்கம் திரும்பினாள். "அப்புறம் என்ன சொன்னா? உனக்கு மட்டும் கேக்கும்னு சொல்வியே."

கத்தரி சொன்னாள். குழந்தை பிறந்ததைச் சொன்னாள், நடக்கிறது என்பதைச் சொன்னாள். முகவரி சொல்ல வாயெடுத்ததையும் சொன்னாள். அம்மா, "நடக்குதா" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அப்ப ஒரு வயசு தாண்டியிருக்கும்" என்றாள். பிறகு எழுந்து சோறு போட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கத்தரிக்குத் தோன்றியது.

மறுநாள் அவள் நிலைய மேலாளரின் அறைக்குப் போனாள். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சுற்றறிக்கை. குட்மார்னிங் சொன்னாலும் அது எந்தத் தேதியிட்ட உத்தரவுப்படி என்று யோசிப்பவர் என்பார்கள். கெட்டவர் இல்லை. பயந்தவர். உலகத்தில் பாதி அநியாயத்தைச் செய்வது கெட்டவர்கள் இல்லை, இப்படிப்பட்ட நல்லவர்கள்தான்.

"நேத்துப் பேசின அந்த நேயரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி ஒரே ஒரு அறிவிப்பு போட்டா போதும், சார்."

"அது தனிநபருக்கான செய்தி ஆயிடும்மா."

"என் தங்கச்சி சார்."

"அப்படின்னா இன்னும் மோசம். ஊழியரோட சொந்தக்காரங்க வேற."

அறையின் ஒலிபெருக்கியில் அப்போது ராசிக்கல்காரரின் அரைமணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் வருகிறவர். கட்டணம் கட்டி நேரம் வாங்கிய மனிதர். குழைந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பிரிந்து போன உறவு திரும்பி வரணுமா? உங்க பெயருக்குப் பொருத்தமான கல்லை விரல்ல போடுங்க. போட்ட நாற்பது நாள்ல கதவைத் தட்டுவாங்க. எங்க தொலைபேசி எண்ணைக் குறிச்சுக்குங்க..."

கத்தரி ஒலிபெருக்கியைக் கைகாட்டினாள். "இது யாருக்கான செய்தி சார்?"

"அது விளம்பரம்மா. விளம்பரம் வேற, செய்தி வேற."

"கூழாங்கல்லை வித்துட்டு, பிள்ளை திரும்பி வரும்னு சொல்றான். இதுக்கு நான் ஒரு நாளாவது பொத்தான அழுத்தியிருக்கேனா? அழுத்தலாமா?"

"ஐயோ, அவர் பணம் கட்டறவர்."

"நெஜமாவே ஒரு பிள்ளை திரும்பி வர்றேன்னு கூப்பிடுது. அதை அழுத்தணும். அப்படித்தானே?"

சுற்றறிக்கை மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "நான் எழுதின விதியாம்மா இது?" என்றார். "நான் தொட்டா என் வேலை போயிடும்." அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவள் விரல் 'அம்மா'வுக்கு இறங்கவில்லை. யார் யாரோ தங்கள் அம்மாக்களுக்குப் பாட்டுக் கேட்டார்கள், போனது. ஒருவன் ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் அம்மாவுக்குக் கேட்டான், அதுவும் போனது. அரசாங்கம் கவிழவில்லை. ஒரு பாலமும் தகரவில்லை. மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்ததும் சுற்றறிக்கை அவளைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "நான் பார்க்காத மாதிரி இருக்கேன், நீ கொஞ்சம் பார்த்து நட" என்றார். சின்னவள் மட்டும் மறுபடி அழைக்கவில்லை. மணியடித்து வாயை மூடிய இடத்துக்கு எவள் திரும்பி வருவாள்? அம்மா வானொலியைப் போடுவாள், பெட்டியின் பக்கத்தில் நிற்பாள், நிகழ்ச்சி முடிந்ததும் அணைப்பாள். இப்போதெல்லாம் பாட்டு ஓடும்போதும் அவள் வேறு வேலை பார்ப்பதில்லை.

ஒரு நாள் பேருந்தில் வரும்போதுதான் கத்தரிக்கு மேலாளரின் அந்த வார்த்தை திரும்ப ஞாபகம் வந்தது. விளம்பரம் வேற, செய்தி வேற. அவள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, நிலையத்துக்குத் திரும்பி, விளம்பரப் பிரிவில் போய் நின்றாள். அங்கே இருந்தவள் வாயாடி.

"என்ன கத்தரி, இந்தப் பக்கம்? இங்க வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லையே."

"ஒரு விளம்பரம் குடுக்கணும்."

"யாரு, நீயா? என்ன விக்கற? கத்தரியா?"

"தையல். எங்கம்மா தைப்பாங்க. வீட்டு முகவரி சொல்லலாம்ல?"

"சொல்லாம? முகவரி இல்லாத கடைக்கு எவன் வருவான்?"

"அம்மாவே பேசலாமா?"

"கடைக்காரங்களே பேசினா இன்னும் நல்லதுதான். நம்ம அண்ணன் பேசினா தனியாக் காசு." விளம்பரக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நெஜமாவே தைப்பாங்களா?"

"ஓரம் அடிப்பாங்க."

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, எனக்கு உங்க கவுனுக்கும் பாவாடைக்கும் ஓரம் அடிச்சதைத் தவிர என்னடி தெரியும்? நாலு பேர் நல்ல துணியக் கொண்டுவந்து நீட்டினா என்ன பண்ணுவேன்?"

"ஓரம் அடிச்சுக் குடும்மா."

"மைக்ல எல்லாம் எனக்குப் பேச வராது."

"துணி தைக்கறவங்க பேசற மாதிரி பேசு. யாரு கேக்கணுமோ அவ கேப்பா."

அம்மா தலையில் அடித்த கையைக் கீழே இறக்கினாள். ஒலிப்பதிவு அறைக்கு அவள் வந்தது கல்யாணத்துக்குப் போகிற உடுப்பில். ஒலிவாங்கியை முதலில் முறைத்துப் பார்த்தாள்; பிறகு அதன் பக்கத்தில் போய், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பேசுவதுபோலப் பேசினாள். "பெண்கள், குழந்தைகள் உடுப்புக்கு ஓரம் அடிச்சு, அளவு சரி பண்ணிக் குடுக்கறோம். தண்ணித் தொட்டிக்குப் பின்னால, பச்சைக் கதவு போட்ட ரெண்டாவது வீடு. எந்த நேரமும் வரலாம். சின்னப் பிள்ளைங்க துணிய முதல்ல தைச்சுக் குடுப்போம்." கடைசி வரி எழுதிக் கொடுத்ததில் இல்லை. விளம்பரக்காரி அதை வெட்டவில்லை. நல்ல வியாபார புத்தி என்று நினைத்துக்கொண்டாள்.

ராசிக்கல்காரருக்கு முன்னால் அந்த விளம்பரம் தினமும் போனது. விளம்பரத்துக்குப் பொத்தான் கிடையாது. கத்தரி தன் இடத்தில் உட்கார்ந்து, அம்மாவின் குரல் தடையில்லாமல் ஊரெல்லாம் பரவுவதைக் கேட்டாள். ஒரு தாய் தன் மகளிடம் பேச வேண்டுமானால் அதற்கு விலைப்பட்டியல் இருக்க வேண்டும். இதுதான் அந்த நிலையம் கண்டுபிடித்த நீதி.

ஆட்கள் நிஜமாகவே வந்தார்கள். முதல் நாள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, பிறகு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், பிறகு அவள் சொல்லி இன்னும் நாலு பேர். குழந்தைகள் துணியை முதலில் தைப்பார்களாமே என்று குழந்தைகளையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதவு தட்டும் ஒவ்வொரு முறையும் அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஒவ்வொரு முறையும் வாசலில் வேறு யாரோ நின்றார்கள். "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பி அளவு நாடாவைத் தேடுவாள். நாடா அவள் கழுத்திலேயேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

"அவ கேக்கறதையே விட்டுட்டாளோ என்னமோ" என்றாள் ஒரு நாள்.

"பாப்போம்மா."

"வேற நாட்டுக்கே போயிட்டாளோ?"

பதில் விளம்பரப் பிரிவிலிருந்து வந்தது. படியிறங்கிக்கொண்டிருந்தவளை விளம்பரக்காரி கைதட்டிக் கூப்பிட்டாள்.

"உங்கம்மா விளம்பரத்துக்கு விசித்திரமா ஒரு போன். தையல் கூலி என்னன்னு கேக்கல, எப்ப திறப்பீங்கன்னு கேக்கல. 'அந்த வீட்டுப் பெரியவர் இருக்காரா'ன்னு ஒரு பொண்ணு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு என்ன தெரியும்? தெரியாதுன்னேன். வெச்சுட்டா. ஏன் கத்தரி, முகம் இப்படி வெளுக்குது?"

கத்தரி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். தினமும் அம்மாவின் குரலைக் கேட்கிறாள், பச்சைக் கதவைத் தெரிந்துவைத்திருக்கிறாள். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறாள். செத்துப்போன பிறகும் அந்த மனிதரின் உத்தரவு நடந்துகொண்டிருந்தது.

அப்பா இறந்ததை விளம்பரத்தில் எப்படிச் சொல்வது? அதற்கும் ஒரு விலை உண்டு, மரண அறிவித்தல் என்று. ஆனால் இறந்து இவ்வளவு நாள் கழித்துப் போட முடியாது. அன்றிரவு அவள் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒரே ஒரு வரி மாத்தணும்மா. தையல்காரங்க சாதாரணமாச் சொல்றதுதான். 'பெண்கள் மட்டுமே இருக்கற வீடு'ன்னு."

அம்மாவுக்கு உடனே புரிந்தது. அப்பாவின் படம் மாட்டியிருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை. கணவன் போனதை வாய்விட்டு யாரிடமும் சொல்லாதவள் அவள்; துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட, "உடம்புக்கு முடியாம இருந்தார்" என்பதோடு நிறுத்திக்கொண்டவள்.

"எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லடி நான்" என்றாள். "அவர் போனை எடுத்தப்பகூட."

"தெரியும்மா."

"அவளுக்கு என்மேல கோவம் இருக்கும்."

"கோவம் இருக்கறவ போன் பண்ணி விசாரிப்பாளா?"

மறுநாள் அம்மா ஒரே மூச்சில் பேசி முடித்தாள். "பெண்கள் மட்டுமே இருக்கற வீடு" என்ற இடத்தில் மட்டும் குரல் சற்றுக் கீழே போனது. "திருப்பிப் பதிவு பண்ணலாமா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். "வேண்டாம், இதுவே சரி" என்றாள் கத்தரி.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மதியம், நூல் தீர்ந்துவிட்டது என்று அம்மா அவளைக் கடைக்கு அனுப்பினாள். நிறம் பொருந்தாமல் இரண்டு கடை ஏறி இறங்கி, வெள்ளையும் பழுப்பும் வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, முன்னறை நிறைந்திருந்தது. நடுவில் மருந்துக்கடைக்காரி புதுப் பாவாடையோடு ஒரு முக்காலிமேல் ஏறி நின்று, வாய் ஓயாமல் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் காலடியில் மண்டியிட்டு ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். உதடுகளுக்கு நடுவே ஒரு வரிசைக் குண்டூசிகள். சுவரோரம் போட்ட பெஞ்சில் ஆசிரியை உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஓரத்தில், தன் முறைக்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளரைப்போல, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி.

கத்தரி வாசலிலேயே நின்றுவிட்டாள். சின்னவள் அவளைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. இங்கே எழுந்திருக்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாதவள் மாதிரி, குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கீழே மண்டியிட்டிருந்த அம்மாவின் தோள் குலுங்கியது. அப்போதுதான் கத்தரிக்குப் புரிந்தது. அம்மா ஏற்கெனவே பார்த்துவிட்டாள். வாய் நிறையக் குண்டூசி, கூப்பிட முடியவில்லை. துப்பினால் குழந்தை நடக்கிற தரையில் விழும்.

"என்னம்மா, நிறுத்திட்டீங்க?" என்றாள் முக்காலிமேல் நின்றவள். "பின்பக்கம் இறங்கிக் கிடக்குது பாருங்க."

அம்மா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சு மெத்தையில் குத்தினாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள்.

"பிள்ளையக் கீழ விடு" என்றாள். "எவ்வளவு நேரம் தூக்கி வெச்சிருப்ப? கை வலிக்கும்."